சிவப்புத் துணி கட்டிய வரிகள்

செயலி எழுதுபவர்களின் தலைவலிகளுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கலாம் என்று ஆசிரியர் சொன்னபோது, இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து நாலு கேள்வியாவது வருமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மூன்று கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. நான் பாம்பன்காரி. பதினோரு ஆண்டு பெங்களூருவில் செயலி எழுதிவிட்டு, இப்போது மண்டபத்தில் ஒரு மாடி அறையில் அதே வேலையைப் பார்க்கிறேன். செயலி எழுத உதவும் கருவிகளிலும், ஃப்ரேம்வொர்க்குகள் என்ற ஆயத்தச் சட்டகங்களிலும் உள்ள பிழைகளை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கல்லூரி புராஜெக்டுக்காக, சீனியர் ஒருவர் கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு செயலியைத் திறந்தேன். ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65’ என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிவிட்டேன். இது மென்பொருளின் பிழைதானே அக்கா?
– மாணவர், கீழக்கரை

இல்லை தம்பி. மூன்று முறை தரவிறக்கிய காசுக்கு உங்கள் ஊர்த் தொதல் ஒரு கிலோ வாங்கியிருக்கலாம்.

பதில் அந்த 65-க்குள்ளேயே இருக்கிறது. அதில் 44-ஐக் கழியுங்கள், 21 வரும். ஜாவா நிரல்மொழியின் 21-ஆம் பதிப்பு என்று அர்த்தம். 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. உங்கள் கணினியில் ஓடுவது ஜாவா 21. சீனியரின் நிரலைச் செயலியாகக் கட்டித்தரும் கருவியான கிரேடில் அதைவிட மூத்தது. பேரன் பேசும் மொழி தாத்தாவுக்குப் புரியவில்லை. ஜாவா 21-இன் மேல் ஓடுவதற்குக் கிரேடில் 8.5 வேண்டும். ஜாவா 17-க்கு 7.3 போதும்.

வழி இரண்டு. கிரேடில் எந்தப் பதிப்பு என்று எழுதிவைத்திருக்கும் ராப்பர் கோப்பைத் திறந்து எண்ணை உயர்த்தலாம். அல்லது ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ அமைப்புகளில், கிரேடிலுக்கு எந்த ஜாவா என்று கேட்கும் இடத்தில் பழைய ஜாவாவைத் தேர்ந்தெடுக்கலாம். நாளை மறுநாள் பேராசிரியரிடம் காட்ட வேண்டுமென்றால் இரண்டாவது வழிதான். ஏனென்றால் கிரேடிலை உயர்த்தினால் அதோடு இணையும் ஆண்ட்ராய்டு செருகுநிரலை உயர்த்தச் சொல்லும், அதை உயர்த்தினால் பிறர் எழுதிவைத்த நிரல் நூலகங்களை உயர்த்தச் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் வேறொரு செயலியை எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: செருகுநிரல் 8-ஆம் பதிப்பாக இருந்தால் அதற்கு ஜாவா 17 கட்டாயம். அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

மீன் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் செயலியில், விடியற்காலை இறங்குகிற மீன் எல்லாம் முந்தின நாள் கணக்கில் ஏறியது. செய்து கொடுத்த பையனிடம் சொன்னேன். ‘ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிற பிழை’ என்று சொல்லித் தேதியோடு ஒரு நாளைக் கூட்டிவிட்டான். இப்போது சாயங்கால பில் எல்லாம் மறுநாள் தேதியில் விழுகிறது. ஆடிட்டர் என்னைத் திட்டுகிறார். என்ன செய்வது?
– வாசகர், தொண்டி

முதலில் மன்னித்துவிடுங்கள் அண்ணா, கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு உங்கள் ஆடிட்டரை நினைத்துச் சிரிப்பு நின்றுவிட்டது.

12-ஆம் தேதி விடியற்காலை 4.10-க்கு ஒரு பில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைப்பேசிக்கு மணி 4.10 என்று நன்றாகவே தெரியும். ஆனால் செயலிக்குள் இருக்கும் ஒரு வரி, தேதியை ‘ஐஎஸ்ஓ’ என்ற சர்வதேசத் தர வடிவத்தில் கொடு என்று கேட்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அந்த வடிவத்தை எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் தரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. 4.10-இலிருந்து ஐந்தரை மணி பின்னால் போனால் 11-ஆம் தேதி இரவு 10.40. பையன் அந்த நீளமான விடையில் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்பான். கையில் மிஞ்சியது 11.

சோதித்துப் பார்ப்பது எளிது. அவன் ஒரு நாளைக் கூட்டுவதற்கு முந்தைய ஒரு வாரத்து பில்களை எடுத்து, காலை 5.30-க்கு முன், 5.30-க்குப் பின் என்று இரண்டாகப் பிரியுங்கள். முன்னது எல்லாம் தப்பாகவும் பின்னது எல்லாம் சரியாகவும் இருக்கும். ஒரு நாள் கூட்டிய பிறகு இது தலைகீழாகியிருக்கும். நீங்கள் சாயங்கால பில் என்று எழுதியிருக்கிறீர்கள். காலை ஆறு மணி பில்லும் மறுநாளில்தான் விழுந்திருக்கும், பாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் பிழைகளுக்குப் பஞ்சமில்லை. மாதங்களைச் சுழியத்திலிருந்து எண்ணுகிற மொழி அது. ஜனவரி அதற்கு 0. ஆனால் இந்தக் குற்றம் அதன்மேல் சேராது. கையேட்டில் எழுதியிருக்கிறபடியே அது நடந்துகொண்டது. பையன் காரணத்தைத் தேடாமல் அறிகுறியைத் தட்டி உட்காரவைத்தான், அது வேறிடத்தில் எழுந்து நின்றது.

சரியான வழி: பில் போட்ட கணத்தைப் பொது நேரத்திலேயே முழுதாகச் சேமிக்க வேண்டும், திரையில் காட்டும்போதும் காகிதத்தில் அச்சிடும்போதும் ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற இந்திய நேர மண்டலத்துக்கு மாற்ற வேண்டும். ஐந்தரை மணியைக் கையால் கூட்டிவிட்டு அதையே பொது நேரம் என்று சேமிப்பவர்களும் உண்டு. நாளைக்கு இன்னொரு பையன் வந்து, பொது நேரம்தானே என்று மறுபடி ஐந்தரையைக் கூட்டுவான். தனுஷ்கோடிப் பக்கம் போகிற கைப்பேசிகள் இலங்கை கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் தேதி மாறுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. 2006-இலிருந்து இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான். அந்த ஒரு வம்பு நமக்கு இல்லை.

இன்னொன்றையும் பையனிடம் சொல்லுங்கள். படகு ஒரு நாள் காலையில் போய் மறுநாள் காலையில் வருகிறது. அந்த மீன் எந்த நாள் கணக்கு என்பதைக் கணினி முடிவு செய்யக் கூடாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ‘ஏல நாள்’ என்று தனியாக ஒரு கட்டம் வைக்கச் சொல்லுங்கள். இதற்குள் தவறாக ஏறிய பழைய பில்களையும் திருத்த வேண்டும். நிரலைச் சரிசெய்துவிட்டுத் தரவை அப்படியே விட்டால், ஆடிட்டர் மார்ச் மாதத்தில் மறுபடி திட்டுவார்.

என் மகள் வீட்டிலிருந்தபடி ஒரு நிறுவனத்துக்குச் செயலி எழுதுகிறாள். வாரத்துக்கு ஒரு நாளாவது ‘என் தப்பு இல்லை, கருவியிலேயே பிழை’ என்கிறாள். இது உண்மையா, சாக்கா?
– ஓர் அப்பா, உச்சிப்புளி

இரண்டும் உண்டு ஐயா. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு வந்து விழுந்தால் ஐபோனில் செய்திச் செயலிகள் சுருண்டு விழுந்தன. ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டு அதைச் சரிசெய்தார்கள். 2021 மார்ச்சில் செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் ஆண்ட்ராய்டின் வெப்வியூ என்ற உள்பாகத்துக்கு வந்த ஒரு புதுப்பிப்பால் உலகமெங்கும் செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. அன்றைக்குச் செயலி எழுதியவர்கள்மீது எந்தக் குற்றமும் இல்லை. அந்தப் புதுப்பிப்பை நீக்குங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வதைத் தவிர அவர்கள் கையில் வேறு மருந்தும் இல்லை.

ஆனாலும் என் அனுபவத்தில், கருவியில் பிழை என்று நான் கூவிய பத்துத் தடவையில் எட்டுத் தடவை பிழை என்னுடையதுதான். அடுத்த முறை மகள் சொல்லும்போது, சாப்பாடு போட்டுக்கொண்டே ஒன்று கேளுங்கள்: “வெறும் புராஜெக்டிலும் வருகிறதா அம்மா?” அதாவது அவள் எழுதியது எதுவும் இல்லாத புத்தம்புதிய புராஜெக்டில், சந்தேகப்படுகிற அந்த ஒரு பாகத்தை மட்டும் வைத்துப் பார்த்தாளா? வந்தால் கருவியின் பிழை. வராவிட்டால் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வீர்கள். கேள்வியை யார் சொல்லிக்கொடுத்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தமிழில் பில் அச்சிடும் செயலி செய்தேன். திரையில் எழுத்துகள் அழகாக வருகின்றன. பிடிஎஃப் ஆக்கினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடுகின்றன. எழுத்துருவை ஏழு முறை மாற்றிவிட்டேன்.
– வாசகி, தேவிபட்டினம்

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். ஏழு அல்ல, எழுபது எழுத்துரு மாற்றினாலும் தீராது.

‘நெத்திலி’ என்று தட்டுங்கள். நாம் காகிதத்தில் எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ந. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் வரிசை வேறு: முதலில் ந, அதன் பின்னால் கொம்பு. சேமிப்பில் பின்னால் இருக்கிற கொம்பைத் திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதற்கு எழுத்துகளை அடுக்கும் ஓர் இயந்திரம் வேண்டும். ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் செய்கிறது. ஆகவே திரையில் அழகு. பிடிஎஃப் எழுதித்தரும் நூலகங்கள் பலவற்றில் அப்படி ஓர் இயந்திரமே இல்லை. சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை வைத்துக்கொண்டு போகும். ந தனியாக நிற்கும், அதன் கொம்பு நகர்ந்து போய் அடுத்திருக்கிற த்-இன் முன்னால் நிற்கும். வாடிக்கையாளர் அதை என்னவென்று வாசிப்பார் என்று நானே உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பல் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். ‘கொடுவா’ இன்னும் பரிதாபம். அதில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக இருப்பதால், இரண்டும் க-வுக்குப் பின்னால் போய்க் கும்மியடிக்கும்.

நான் செய்த ஒப்பேற்று வேலை இது. பில்லை முதலில் ஒரு வலைப்பக்கமாக ஆக்கி, செயலிக்குள்ளிருக்கும் வெப்வியூவிடம் கொடுத்து, அதையே பிடிஎஃப் ஆக அச்சிடச் சொன்னேன். உலாவிக்கு எழுத்தடுக்கத் தெரியும். வேலை முடிந்தது.

நீங்கள் கடையில் வைக்கும் சின்ன வெப்ப அச்சுப்பொறிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அதற்கு வேறு வைத்தியம். 58 மில்லிமீட்டர் காகிதப் பொறிகளின் உள்ளே பெரும்பாலும் தமிழே கிடையாது. பில் முழுவதையும் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். அகலம் 384 புள்ளி. இங்கே நான் மாட்டிக்கொண்ட ஒரு சங்கதியைச் சொல்கிறேன். அந்தப் பொறிக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டுதான் தெரியும், சாம்பல் தெரியாது. மெல்லிய எழுத்துரு போட்டால் எழுத்தின் ஓரத்திலுள்ள சாம்பல் புள்ளிகளை வெள்ளை என்று தள்ளிவிடும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி. என் முதல் பில்லில், கழிவு மீனைக் குறிக்கும் ‘சங்காயம்’ என்பது ‘சஙகாயம’ என்று வந்தது. ஏலக்காரர் அதைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “இது என்ன புது மீனா?” என்றார். தடித்த எழுத்துரு போடுங்கள், அளவையும் இரண்டு புள்ளி கூட்டுங்கள்.

கூடவே இன்னொரு பொறியும் உங்கள் செயலியில் ஒளிந்திருக்கலாம். பெயர்க் கட்டத்துக்குப் பத்து எழுத்து என்று எல்லை வைத்திருக்கிறீர்களா? ‘இராமேஸ்வரம்’ நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடுக்கு அது பதினொன்று. காலையும் கொம்பையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். பத்தில் வெட்டினால் கடைசிப் புள்ளி விழுந்து ‘இராமேஸ்வரம’ என்று நிற்கும். அதேபோல ‘கொ’ என்பதைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில கொம்பு தனி கால் தனி என்றும் அனுப்பலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். தேடினால் ‘இல்லை’ என்று வரும். சேமிக்கும் முன்பு, ஒரே எழுத்தை ஒரே வகையில் குறிக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

நாங்கள் பயன்படுத்தும் ஒரு நூலகத்தில் பிழை. நூலகத்தின் உள்ளே போய் இரண்டு வரியை நாங்களே திருத்திவிட்டோம், ஓடுகிறது. இது சரியா?
– இரண்டு நண்பர்கள், இராமநாதபுரம்

யாருடைய கணினியில் ஓடுகிறது?

நூலகங்கள் வந்து இறங்கும் ‘நோட் மாட்யூல்ஸ்’ அடைவுக்குள் போய்த் திருத்தியிருந்தால், நண்பர் மறுபடி நிறுவும்போது உங்கள் இரண்டு வரியும் கடலில் கரைத்த பெருங்காயம். ‘பேட்ச்-பேக்கேஜ்’ என்று ஒரு கருவி இருக்கிறது. நீங்கள் திருத்தியதை மட்டும் ஒரு சிறு கோப்பாக எடுத்துப் புராஜெக்டோடு வைத்துக்கொள்ளும். நிறுவி முடித்ததும் ஓடும் கட்டளையாக அதைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு முறை நிறுவும்போதும் தானே ஒட்டிவிடும். ஃப்ளட்டர் என்ற ஃப்ரேம்வொர்க்காக இருந்தால் நூலகத்தின் பிரதி ஒன்றை உங்கள் பெயரில் எடுத்துத் திருத்தி, நூலகங்களைப் பட்டியலிடும் பப்ஸ்பெக் கோப்பில் ‘டிபெண்டன்சி ஓவர்ரைட்ஸ்’ பகுதியில் அந்தப் பிரதியைக் காட்டுங்கள்.

திருத்துவது தப்பில்லை. திருத்தியதை மறப்பதுதான் தப்பு. என் அப்பா பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் வெடித்து, புதுக் குழாய் மதுரையிலிருந்து வர இரண்டு நாளாகும் என்றால், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவார். கட்டி முடித்ததும் அம்மாவின் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணி ஒன்றை அதன்மேல் முடிந்துவிடுவார். “இன்னும் மூன்று தடவை கடலுக்குப் போகலாம், நாலாவது தடவை போகக் கூடாது” என்று படகின் உரிமையாளரான சம்மாட்டியிடம் சொல்லுவார். அப்பா ஊரில் இல்லாத நாளில் வேறொரு மெக்கானிக் எஞ்சினைத் திறந்தாலும், சிவப்பைக் கண்டால் அது நிரந்தரக் கட்டு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பெங்களூருவில் நான் சேர்ந்த ஓர் இடத்தில் இந்தத் துணி இல்லாமல்தான் திண்டாடினோம். ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் என்ற கருவியின் 17-ஆம் பதிப்பு வந்தபோது, அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் 3-ஆம் பதிப்புக்கு மாறியது. நிரல் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வெப்பேக் கருவியின் 4-ஆம் பதிப்பு பயன்படுத்திய ‘எம்டி4’ என்ற பழைய முறையை அது ஏற்கவில்லை. கட்டுமானம் பாதியில் நின்றது. பழையதையும் ஏற்றுக்கொள் என்று நோடுக்குச் சொல்லும் ஓர் அமைப்பை யாரோ போட்டு ஒப்பேற்றினார்கள். சரியான வைத்தியம் வெப்பேக் 5-க்குப் போவது. நான் போனபோது வெப்பேக் 5-க்குப் போய் ஓராண்டு ஆகியிருந்தது. ஆனால் அந்த அமைப்பு அப்படியே இருந்தது. ஏன் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, எடுத்தால் என்ன ஆகுமோ என்று எல்லாருக்கும் பயம். வலுவற்றதென்று ஒதுக்கிய பழைய முறைகளுக்கெல்லாம் கதவு திறந்தே கிடந்தது.

ஆகவே உங்கள் இரண்டு வரிக்குமேல் எழுதுங்கள்: என்ன பிழை, நூலகத்தின் எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் போட்டது, எது நடந்தால் எடுத்துவிடலாம். நான் அதன் தொடக்கத்தில் ‘சிவப்புத்துணி’ என்று தமிழிலேயே எழுதுவேன். வேறு எங்கும் வராத சொல் என்பதால் தேடினால் எல்லா ஒட்டுகளும் ஒரே வீச்சில் வலையில் விழும்.

செயற்கை நுண்ணறிவிடம் பிழைச்செய்தியைக் கொடுத்தால் உடனே தீர்வு தருகிறது. அதை நம்பலாமா?
– வாசகர், இராமேஸ்வரம்

கேட்கலாம். உங்கள் பதிப்பில் இல்லாத அமைப்பை இருப்பதாக அது சத்தியம் செய்யும். கையேட்டில் ஒரு முறை பார்த்துவிட்டுப் போடுங்கள். அது சொன்ன ஐந்து மாற்றங்களையும் ஒன்றாகப் போடாதீர்கள். எது தீர்த்தது என்று தெரியாத தீர்வு அடுத்த மாதத்துப் பிரச்சினை.

விசைப்படகின் தடத்தைப் பதியும் செயலி ஒன்று ஃப்ளட்டரில் செய்கிறோம். திரை அணைந்த சில நிமிடங்களில் இடப்பதிவு நின்றுவிடுகிறது. செருகுநிரலில் பிழையா? எல்லை நெருங்கினால் மணியடிக்கும் வசதியும் சேர்க்க இருக்கிறோம்.
– நான்கு நண்பர்கள், மண்டபம்

உங்கள் முதல் பாதிக்குப் பதில்: பெரும்பாலும் அது பிழையில்லை, ஆண்ட்ராய்டின் கொள்கை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே, சும்மா கிடக்கிற கைப்பேசியைத் தூங்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8, பின்னணியில் இருக்கும் செயலிக்கு மணிக்குச் சில தடவை மட்டுமே இடத்தைச் சொல்லும் என்று இறுக்கியது. இடத்தைத் தொடர்ந்து பதிய வேண்டுமானால், ‘பதிந்துகொண்டிருக்கிறது’ என்ற அறிவிப்பு மேலே நிலையாகத் தெரியும்படி முன்னணிச் சேவையாக ஓட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு 10 முதல், அந்தச் சேவை இடத்துக்கானது என்று, செயலியின் விவரங்கள் கொண்ட மேனிஃபெஸ்ட் கோப்பில் வகையையும் குறிக்க வேண்டும். இதற்கும்மேல் சில கைப்பேசிகள் சொந்தமாக ஒரு மின்சேமிப்புக் காவலாளியை வைத்திருக்கும். உங்கள் செயலிக்கு அதிலிருந்து விலக்குக் கொடுக்கும்படி பயனரிடம் கேட்பதுதான் வழி. சத்தமில்லாத பாட்டைப் பின்னால் ஓடவிட்டுச் செயலியை விழித்திருக்கவைக்கும் தந்திரத்தை யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். அடுத்த பதிப்பில் அது கழுத்தை அறுக்கும்.

இரண்டாவது பாதிக்கு நான் முகம் சுளிக்கிறேன். பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு வரைந்த கோடு அது. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மணியடிக்கும் என்று நம்பி ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது, மின்சேமிப்புக் காவலாளி உங்கள் செயலியைத் தூங்கவைத்தால்? பில் செயலியில் ஒப்பேற்றலாம், இதில் கூடாது. படகில் இருக்கிற ஜிபிஎஸ் கருவிக்கு மாற்றாக இதைச் சொல்லாதீர்கள். செய்தே தீர்வதென்றால், கடைசியாக இடம் பதிந்த நேரத்தைத் திரையில் பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டு நிமிடம் பழையதாகிவிட்டால் திரை முழுக்க நிறம் மாறி ‘வேலை செய்யவில்லை’ என்று காட்டட்டும். செயலி அமைதியாக இருப்பதை ஆபத்து இல்லை என்று படகிலிருப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு வரிகூட மாற்றவில்லை. நேற்று ராத்திரி கட்டிய செயலி இன்று காலை கட்ட மறுக்கிறது. செய்வினை என்கிறான் என் தம்பி.
– வாசகர், சாயல்குடி

நீங்கள் மாற்றவில்லை, வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள். 2022 நவம்பர் 4-ஆம் தேதி ரியாக்ட் நேட்டிவ் என்ற ஃப்ரேம்வொர்க்கில் செயலி எழுதுகிற உலகத்துக்காரர்கள் பலருக்கும் இதே செய்வினைதான் வைக்கப்பட்டது.

புராஜெக்டின் கட்டுமானக் கோப்பில், ரியாக்ட் நேட்டிவ் எந்தப் பதிப்பு வேண்டும் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு கூட்டல் குறி இருந்தது. ‘இருப்பதில் பெரியதைக் கொடு’ என்று பொருள். அதுவரை அந்த ஆண்ட்ராய்டுப் பொதியின் புதிய பதிப்புகள் உங்கள் கணினியில் நிறுவிய அடைவில் மட்டுமே புழங்கின. பெரியது என்றாலும் சிறியது என்றாலும் ஒன்றுதான். அன்றைக்கு 0.71-இன் முன்னோட்டப் பதிப்பை மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினார்கள். கிரேடில் அங்கேயும் எட்டிப் பார்த்தது, 0.71 பெரியது என்று கண்டது, உங்கள் பழைய செயலிக்கு அதைக் கொண்டுவந்து மாட்டியது. பழைய காலணிக்குள் வேறொருவர் காலை நுழைத்தது போல எல்லாம் பிய்ந்தது. இந்தப் பொதியை என் கணினி அடைவிலிருந்து மட்டும் எடு என்று கட்டுமானக் கோப்பில் சில வரி சேர்ப்பது அன்றைய ஒப்பேற்றல். 0.63 முதல் பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் வெளியிட்டார்கள்.

உங்கள் விஷயத்தில், பதிப்பு எண்களில் கூட்டல் குறியோ கூரைக்குறியோ ‘லேட்டஸ்ட்’ என்ற சொல்லோ இருக்கிறதா பாருங்கள். பதிப்பு எண்களை மாறாமல் பூட்டிவைக்கும் கோப்பை, அதாவது பெயரில் ‘லாக்’ என்று வரும் அந்தக் கோப்பை, நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் சேர்த்திருக்கிறீர்களா? தம்பி அதைக் குப்பை என்று அழித்திருந்தால் செய்வினை வைத்தது அவன்தான்.

எதற்கெடுத்தாலும் ‘கிளீன்’ செய்து மறுபடி கட்டினால் சரியாகிவிடுகிறது. ஏன்?
– வாசகி, பெரியபட்டினம்

பழைய கட்டுமானத்தின் மிச்சங்கள் புதியதோடு கலந்துவிடுவதால். ஃப்ளட்டரில் இன்னொரு காரணமும் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் மாற்றத்தை மட்டும் ஏற்றும் ஹாட் ரீலோட் செய்தால், தொடக்கத்தில் ஓடுகிற ‘மெயின்’ மறுபடி ஓடாது, ‘இனிட்ஸ்டேட்’ ஓடாது. அங்கே மாற்றிவிட்டு மாறவில்லையே என்று பலர் அழுகிறார்கள். செயலியை முதலிலிருந்து தொடங்கும் ஹாட் ரீஸ்டார்ட் போதும். வீட்டை இடித்துக் கட்டத் தேவையில்லை.

ஒரு ஃப்ரேம்வொர்க்கில் உண்மையான பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர்களிடம் தெரிவிக்க என் ஆங்கிலம் போதாது, கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், ஏர்வாடி

அங்கே ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. புத்தம்புதிய புராஜெக்டை எடுத்து, பிழையைக் காட்டத் தேவையான வரிகளை மட்டும் வைத்து ஏற்றுங்கள். எதைத் தொட்டால் வருகிறது, என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது என்று மூன்று வாக்கியம். ஃப்ளட்டராக இருந்தால் ‘டாக்டர்’ கட்டளை தரும் முழு விடையையும் ஒட்டுங்கள். ஒரு சின்னத் திரைப்பதிவு இருந்தால் ஆங்கிலமே தேவைப்படாது. எழுதும் முன்பு வேறு யாராவது ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். எழுதியிருந்தால் உங்கள் சின்னப் புராஜெக்டை அங்கேயே சேர்த்துவிடுங்கள். அவர்கள் திருத்தித்தரும் வரை காத்திருக்க முடியாதென்றால் அதற்குத்தான் ஒட்டும் சிவப்புத் துணியும்.

எனக்கு ஒரு முறை பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘இன்னும் வருகிறதா?’ என்று கேட்டிருந்தார்கள். வந்துகொண்டிருந்தது.

நீங்கள் போட்ட ஒட்டுகளில் இன்னும் எடுக்காமல் இருப்பது ஏதாவது உண்டா?
– பழைய வகுப்புத் தோழி, பாம்பன்

நீ கேட்பாய் என்று தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை பார்த்து, எஞ்சினைப் பிரித்துவைப்பார்கள் அல்லவா? ஏலக் கடைகளிலும் அப்போது பில் குறைவு. நானும் அந்த நாள்களில்தான் நிரலைத் திறந்து ‘சிவப்புத்துணி’ என்று தேடுவேன். இந்த முறை பத்தொன்பது கிடைத்தன. பதினொன்றை எடுத்துவிட்டேன்; மூல நூலகத்தில் திருத்தம் வந்துவிட்டது. நான்கை எடுத்தேன், இரண்டு நாளில் மறுபடி போட்டேன். மூன்றுக்குத் தேதியைத் தள்ளி எழுதினேன்.

மீதி ஒன்று, மேலே சொன்ன அந்த 384 புள்ளிப் படம். தமிழ் எழுத்துருவை உள்ளேயே வைத்த அச்சுப்பொறி கிடைத்தால் எடுத்துவிடலாம் என்று அதன்மேல் எழுதியிருக்கிறேன். ஏலக்காரரிடம் போய்ப் புதுப் பொறி வாங்கலாமா என்று கேட்டேன். அவர் பழைய பொறியைத் தட்டிக்கொடுத்து, மூடி கழன்று விழாமல் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தைக் காட்டி, “இது இன்னும் ஓடுகிறதே அம்மா” என்றார்.